ஊரார் பிள்ளையும் தன் பிள்ளையும்: மானியமா, ஊதியமா?

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அமெரிக்காவின் குழந்தைகள் காப்பகங்களில் வேலை செய்யும் தாய்மார்களுக்கு அது பலிக்கவில்லை. 2023இல் இந்தத் தொழிலில் இருப்பவர்களின் இடைநிலை ஊதியம் மணிக்கு 14.60 டாலர்; அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு. தாங்கள் வேலை பார்க்கும் காப்பகத்தில் தங்கள் குழந்தையையே சேர்க்கக் கட்டுப்படியாகாமல் பலர் வேலையை விட்டுவிடுகிறார்கள்.

காப்பகமே கட்டணச் சலுகை தருவது பழைய வழி. நல்ல மனம்தான், ஆனால் வரவில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடும் தொழிலில், குறைத்த கட்டணம் கடைசியில் மற்றப் பெற்றோர் தலையிலோ சக ஊழியர் சம்பளத்திலோதான் விடியும்.

கென்டக்கி மாநிலம் 2022 அக்டோபரில் வேறு வழி எடுத்தது. காப்பகத்தில் வாரம் 20 மணி நேரமாவது வேலை செய்பவருக்குக் குடும்ப வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அரசின் காப்பக மானியம் கிடைத்தது. எனக்கு இதில் பிடித்தது அதன் கணக்கு. அங்கே 5 கைக்குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் என்பது விதி. ஒரு தாய் வேலைக்குத் திரும்பினால் 5 இடங்கள் திறக்கின்றன. ஒன்றில் அவர் குழந்தையே இருந்தாலும் மீதி 4 வீடுகளில் பெற்றோர் நிம்மதியாக வேலைக்குக் கிளம்பலாம். காப்பகத்துக்கும் நட்டமில்லை; அந்த இடத்துக்கான பணத்தை அரசு தந்தது.

பின்பற்றிய மாநிலங்களில் சில நிபந்தனைகளைக் கூட்டின. 2023இல் அயோவா வாரம் 32 மணி நேர வேலை கேட்டது. கைக்குழந்தையோடு அரைநாள் வேலைக்கு வரக்கூடியவர் அங்கேயே விடுபடுகிறார். ரோட் ஐலண்ட் குடும்ப வருமானத்துக்கு வரம்பு வைத்தது. வரம்பு வைத்தால் செலவு குறையும், உண்மைதான். ஆனால் கணவருக்குச் சம்பளம் உயர்ந்ததற்காக மனைவி மானியத்தை இழந்து வேலையை விட்டால், அந்த வகுப்பறையில் ஆள் குறைவது குறைவதுதானே? பணியாளர்களைத் தக்கவைப்பதுதான் நோக்கம் என்றால் கென்டக்கி செய்ததே சரி.

வாஷிங்டன் டி.சி. மானியத்தை விட்டு ஊதியத்தில் கை வைத்தது. அதிக வருமானக்காரர்களின் வரியை உயர்த்தி, 2022இல் காப்பகங்களின் துணை ஆசிரியர்களுக்கு 10,000 டாலர் வரையிலும் முதன்மை ஆசிரியர்களுக்கு 14,000 டாலர் வரையிலும் நேரடியாகக் கொடுத்தது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர், பிள்ளை இல்லாதவர் என எல்லோருக்கும் உழைப்புக்கான மதிப்பு கிடைத்தது. கென்டக்கியின் மானியம் இவர்களை எட்டவே இல்லை. ஆனால் அந்த நகரில் ஒரு கைக்குழந்தையைக் காப்பகத்தில் விட ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் ஆகும். இளம் தாய்க்கு 14,000 கிடைத்தாலும் பள்ளம் மூடவில்லை.

கையிருப்பு குறைவான அரசு முதலில் மானியத்தைத்தான் தொடங்க வேண்டும் என்பேன். அதைக் காட்டி ஊதிய உயர்வைத் தள்ளிப்போடுவதை மட்டும் ஏற்க முடியாது. குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் மானியத்தின் பெரும்பங்கு கரைந்துவிடும். அன்றைக்கும் அந்தத் தாயின் கைக்கு வருவது பழைய சம்பளம்தான்.