பாங்கோஸுக்கு பைபர் ஹெட் வாங்கப் போகிறீர்களா? எனக்கு 4,850 ரூபாய் போய்விட்டது

நேற்று சாயங்காலம் நடந்தது இது. கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம்ம ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் கோயில் பாட்டுக் குழுவிலும் கச்சேரியிலும் பாங்கோஸ் (சின்னதும் பெரியதுமாகக் கையால் தட்டும் ஜோடி மேளம்) வாசிக்கிற தம்பிகள் இதைப் படித்துவிட்டு அப்புறம் ஆர்டர் போடுங்கள்.

எனக்கு ஊர் பாம்பன். ஹெட் என்பது மேளத்தின் வாயில் நாம் தட்டுகிற பரப்பு. தோல் ஹெட்டின் சத்தத்துக்கு ஈடு கிடையாது, அது எனக்கும் தெரியும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் தோல் தொய்ந்து, டிங் என்று கேட்க வேண்டிய சின்னது தொம் தொம் என்கிறது. பறை வாசிக்கிறவர்கள் தீயில் காய்ச்சுவார்கள், நான் ஹாலஜன் விளக்குக்கு முன்னால் வைப்பேன், இரண்டு பாட்டுக்குள் மறுபடி இறங்கிவிடும். பைபர் ஹெட் என்பது பாலியெஸ்டர் பிலிம், ஈரத்துக்கு அசையாது. அதனால்தான் சிறுகச் சிறுகச் சேர்த்து 4,850 ரூபாயை எடுத்தேன்.

போனிலேயே ஆர்டர் எடுத்து பார்சல் அனுப்பும் ஒரு இசைக்கருவிக் கடை, வெளியூர். வீடியோ கால் போட்டார்கள். பேசியவர் பெரியவர், பின்னால் தபேலா, டோலக் எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தது. "என்னுது சின்னது 6¾, பெருசு 8 அங்குலம்ணே, அளந்து படம் அனுப்பவா?" என்று நானே கேட்டேன். "அதெல்லாம் வேணாம் தம்பி, நாப்பது வருஷமா இதே தொழில், உங்க பாங்கோஸைப் பாத்தாலே தெரியுது" என்றார். கையிலிருந்த ஒரு ஹெட்டை விரலால் தட்டியும் காட்டினார், நல்ல கணீர் சத்தம். அந்தச் சத்தத்தில்தான் விழுந்தேன். முழுப் பணத்தையும் அப்போதே ஜிபேயில் போட்டுவிட்டேன்.

பார்சல் ஒன்பது நாள் கழித்து வந்தது. உள்ளே இருந்தவை 7¼, 8⅝ அங்குலம். பெரிய கம்பெனி மாடல்கள் பலவற்றுக்கு அதுதான் அளவு, என்னுடையதுக்கு இல்லை. ஹெட்டின் இரும்பு வளையம் மரத்தின் வாயைச் சுற்றி லொடலொடவென்று ஆடியது, ஒரு பக்கம் விரல் நுழையும் இடைவெளி, மறுபக்கம் மரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. உடனே போன் போட்டேன். "டைட் பண்ணப் பண்ண செட் ஆயிடும் தம்பி" என்றார். சரி என்று நாலு நட்டையும் எதிரெதிராக, கால் சுற்று கால் சுற்றாக முறுக்கினேன், அவசரப்படவே இல்லை. சின்னதில் ஆறாவது முறை வரும்போது படீரென்று ஒரு சத்தம், பிலிம் வளையத்தை விட்டு ஒரு பக்கம் அப்படியே உருவிக்கொண்டு வந்துவிட்டது. வளையத்துக்குள் பசை வெள்ளையாகப் பொடிந்து கிடந்தது. பெரியதை மாட்டி முறுக்கினாலும் ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் ரிம் சாய்ந்தே நின்றது, அடித்தால் தகரம் மாதிரி கரகரக்கிறது.

மறுபடி போன் போட்டேன். டைட் பண்ணச் சொன்ன அதே ஆள், "நீங்க ஓவரா டைட் பண்ணிட்டீங்க" என்கிறார்! அப்புறம் வேறொரு பையன் எடுத்து, பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்று கேட்டான். எடுக்கவில்லை. முதலாளி வெளியூர் போயிருக்கிறார், திங்கட்கிழமை கூப்பிடுங்கள் என்றான். ராத்திரி நான் அனுப்பிய படங்களுக்கு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இன்று காலையில் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். 4,850 ரூபாய், கடலுக்குப் போகிற வீட்டில் அது சின்னக் காசா?

எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படி மாட்டுவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவு மட்டும் சொல்கிறேன். பழைய ஹெட்டைக் கழற்றி, மரத்தின் வாயை வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள், பழைய வளையத்தையும் அளந்துகொள்ளுங்கள். அவர்கள் அனுப்பப் போகிற ஹெட்டின் மேல் டேப் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள். முழுப் பணம் முன்னாடியே கொடுக்காதீர்கள். பார்சல் பிரிக்கும்போது வீடியோ கட்டாயம். வளையம் ஆடினால், யார் சொன்னாலும், ஸ்பானரை எடுக்காதீர்கள். நுகர்வோர் புகாருக்கு 1915. நான் பதிந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் திருவிழா. பழைய தோலைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று, அதையே மறுபடி மாட்டி ஹாலஜன் முன்னால் வைத்திருக்கிறேன். வெளியே தூறல் ஆரம்பித்துவிட்டது.