நெம் அருமை, மெனு அட்டையின் பின்பக்கம் சுமார்தான்

புதுச்சேரி முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டின் முன்னறையில் நடக்கிற வியட்நாம் சாப்பாட்டுக் கடை. பெயர்ப்பலகை கிடையாது, அதனால் நானும் பெயர் போடவில்லை. பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். நாங்கள் கடலூரிலிருந்து பைக்கில் போய்ச் சேர இரண்டு மணி ஆகிவிட்டது, ஃபோ சூப் அடிமண்டிக்கு வந்திருந்தது, பட்டையும் அன்னாசிப்பூவும் கொஞ்சம் தூக்கல்.

ஆனால் நெம்! பன்றிக் கொத்துக்கறி, இறால், கண்ணாடி சேமியா எல்லாம் வைத்து அரிசித்தாளில் சுருட்டிப் பொரித்தது, கடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. லெட்யூஸ் இலையில் புதினாவோடு சுற்றி, எலுமிச்சையும் சர்க்கரையும் பூண்டும் கலந்த மீன் சாற்றில் முக்கிச் சாப்பிட வேண்டும். முதுநகரில் கருவாட்டு வாடையோடு வளர்ந்த எனக்கு அந்தச் சாறு ஒன்றும் செய்யவில்லை, கூட வந்த நண்பன்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

சரி, குறைக்கு வருகிறேன். மெனு அட்டையின் பின்பக்கம் கடையின் கதை அச்சடித்திருக்கிறார்கள். நடத்துகிற அம்மாவின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, சைகோனில் இருந்தவர். அதுவரை அழகு. அப்புறம் ஒரு வரி: 'வடக்கு வியட்நாமும் தெற்கு வியட்நாமும் பகையானதால் போர் வந்தது.' எந்த வடக்கு, எந்த தெற்கு? 1945 செப்டம்பர் 2ஆம் தேதி ஹனோயில் கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின் சுதந்திரம் அறிவித்தது முழு நாட்டுக்கும். உலகப் போரில் தோற்று அங்கே இருந்த ஜப்பான் படையின் ஆயுதங்களைக் களைய வடக்கே சீனப் படையும் தெற்கே பிரிட்டிஷ் படையும் வந்தன. தெற்கே வந்தது ஜெனரல் கிரேசியின் 20ஆவது இந்திய டிவிஷன், அதாவது நம்ம ஆட்கள். அந்த நிழலில்தான் முன்பு அந்த நாட்டை ஆண்ட பிரான்ஸ் மறுபடி சைகோனுக்குள் நுழைந்தது. 1946 நவம்பரில் ஹைபோங் துறைமுகத்தின் மீது பிரெஞ்சுக்காரர்கள் குண்டு பொழிந்தார்கள், அடுத்த மாதமே முழுச் சண்டை.

1954 மே 7இல் தியென் பியென் ஃபூவில் பிரான்ஸ் தோற்றது. ஜூலையில் ஜெனீவாவில் 17ஆவது அட்சரேகையில் கோடு போட்டார்கள். அது படைகளைப் பிரித்து நிறுத்தப் போட்ட தற்காலிகக் கோடு, நாட்டு எல்லை இல்லை என்று அந்தக் காகிதத்திலேயே இருக்கிறது. 1956 ஜூலையில் நாடு முழுக்கத் தேர்தல் என்றும் இருக்கிறது. மேற்பார்வைக் கமிஷனுக்குத் தலைமை இந்தியா, கூட கனடாவும் போலந்தும். தெற்கை ஆண்ட ங்கோ தின் தியெம், நாங்கள் கையெழுத்தே போடவில்லை, வடக்கில் ஒழுங்கான வாக்குப்பதிவு நடக்காது என்று மறுத்துவிட்டார். இரண்டாவது காரணத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் தேர்தல் வைத்தால் ஹோ சி மின் ஜெயிப்பார் என்று அமெரிக்காவுக்கும் தெரியும், அதனால் தியெம் பின்னால் நின்றது. தேர்தல் வராமல் போனதில் கோடு எல்லையாகிவிட்டது. தெற்கில் தியெமின் கெடுபிடி, 1959இல் ஹனோயில் இருந்த வடக்கு அரசு ஆயுதப் போராட்டத்துக்குச் சம்மதம், 1960 டிசம்பரில் தியெமை எதிர்த்துத் தெற்கில் விடுதலை முன்னணி. அமெரிக்கத் தரைப்படை வந்து இறங்கிய 1965க்குள் போருக்கு வயசாகிவிட்டது. பகையால் கோடு வரவில்லை, கோடு போட்டுவிட்டுப் பகை வளர்த்தார்கள் என்பது என் கட்சி.

இதைப் புதுச்சேரிக்காரர்களே தப்பாக அச்சடித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஜெனீவாவில் வியட்நாம் விஷயத்தை முடித்த அதே பிரெஞ்சுப் பிரதமர் மெந்தேஸ் பிரான்ஸின் அரசுதான், அதே 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரியையும் இந்தியாவிடம் ஒப்படைத்தது. இங்கே கீழூரில் சட்டசபை, நகராட்சி உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு முடிவு சொன்னார்கள், 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு. அங்கே அந்த ஓட்டே நடக்கவில்லை.

பில் கொடுக்கும்போது அந்த அம்மாவிடம் சொன்னேன். "அட்டை அடிச்சது என் பேரன் தம்பி, அவன் பாரீஸ்ல இருக்கான், நெட்டுல பாத்து எழுதியிருப்பான்" என்று சிரித்தவர், பில்லின் பின்பக்கத்தையே நீட்டி, "நீங்க எழுதிக் குடுங்க, அடுத்த தடவை மாத்திடறேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன், ஒரு நெம் கூடுதலாக வந்தது.

திங்கள் விடுமுறை. ஜிபே இல்லை, சில்லறை கொண்டுபோங்கள். கை கழுவுகிற இடம் கொல்லைப்புறம்.