பாடநூல், வினா வங்கி, அட்டை: எம்எல்டி தேர்வுக்கு எதை எங்கே நம்பலாம்?

அமெரிக்காவின் ஏஎஸ்சிபி (மருத்துவ ஆய்வகத்தினருக்குச் சான்று தரும் அமைப்பு) நடத்தும் எம்எல்டி, அதாவது மருத்துவ ஆய்வக டெக்னீஷியன் தேர்வில் 100 கேள்விகள், இரண்டரை மணி நேரம். சரியாக எழுதினால் அடுத்த கேள்வி கொஞ்சம் கடினமாக வரும். 999 வரை போகும் அளவுகோலில் 400 எடுத்தால் தேர்ச்சி. இதற்குப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள்: பாடநூல், வினா வங்கி, ஃபிளாஷ் கார்டு என்ற அட்டை. மூன்றையும் ஒரே கேள்வியில் உரசிப் பார்க்கலாம்.

ஒரு ரத்தப் பரிசோதனையில் ஆர்பிசி (சிவப்பணு எண்ணிக்கை) 2.10, ஹீமோகுளோபின் 12.0, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 118, எம்சிஎச்சி (சிவப்பணுவில் ஹீமோகுளோபினின் செறிவு) 48. என்ன செய்வீர்கள்?

"எம்சிஎச்சி 37-ஐத் தாண்டினால் கோல்டு அக்லூட்டினின், 37 டிகிரியில் சூடாக்கி மறுபடி ஓட்டு" என்று அட்டையில் இருக்கும் (கோல்டு அக்லூட்டினின் என்பது குளிரில் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் ஆன்டிபாடி). இங்கே அது சரி. அடுத்த கேள்வியில் ஆர்பிசி 4.10, எம்சிவி 88, ஹீமோகுளோபின் 16.0, எம்சிஎச்சி 44. பிளாஸ்மா பால் போல இருக்கிறது. அட்டையை நம்பியவர் இதையும் சூடாக்குவார், எண் அசையாது. இது லிப்பீமியா, அதாவது ரத்தத்தில் கொழுப்பு மிகுந்த நிலை.

வித்தியாசம் பாடநூலில்தான் புரியும். குளிரில் ஒட்டிக்கொண்ட செல்களை மெஷின் ஒரே பெரிய செல்லாக எண்ணுகிறது. அதனால் ஆர்பிசி குறைந்து எம்சிவி ஏறுகிறது. இவ்விரண்டையும் பெருக்கிக் கணக்கிடும் ஹீமட்டோகிரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) விழுகிறது. ஹீமோகுளோபினை செல்லை உடைத்த பிறகு அளப்பதால் அது தப்பிக்கிறது. எம்சிஎச்சி என்பது ஹீமோகுளோபினை ஹீமட்டோகிரிட்டால் வகுத்து வருவது, அதனால் அது பொய்யாக ஏறுகிறது. லிப்பீமியாவில் நேர் எதிர்: கலங்கல் ஒளியை மறைத்து ஹீமோகுளோபினை மட்டும் பொய்யாக ஏற்றுகிறது.

அதற்காகப் பாடநூலை முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார வேண்டாம். தேர்வில் வேதியியலும் ஹீமட்டாலஜியும் (ரத்தவியல்) தலா 20–25 சதவீதம்; சிறுநீரும் உடல் திரவங்களும் சேர்ந்தே 5–10 தான். வரிசையாகப் படிப்பவர் இந்த எடையைப் பார்ப்பதில்லை. தப்பு விட்ட கேள்வி எந்தப் பக்கத்துக்கு அனுப்புகிறதோ அதைத் திறந்தால் போதும்.

ஆக, வினா வங்கியை நடுவில் வையுங்கள். முதல் நாளிலிருந்தே, பாடம் முடியட்டும் என்று காத்திருக்காமல். அதிலும் ஒரு குழி உண்டு: அதே தொகுப்பை இரண்டாம் முறை போட்டு 90 சதவீதம் வாங்கினால், அதில் பாதி, விடையின் இடம் நினைவிருப்பதால் வந்தது. மற்ற மூன்று விடைகள் ஏன் தவறு என்று ஒரு வரி எழுத முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் அந்தக் கேள்வி இன்னும் தெரியாது.

அட்டைக்கும் இடம் இருக்கிறது. சிட்ரேட், சீரம், ஹெப்பாரின், இடிடிஏ, ஃபுளோரைடு என்ற, ரத்தம் எடுக்கும்போது குழாய்களை நிரப்பும் வரிசை. புரோட்டியஸ் பாக்டீரியாவில் மிராபிலிஸ் இண்டோல் சோதனையில் நெகடிவ், வல்காரிஸ் பாசிடிவ். 1-3s, 2-2s போன்ற, தரக் கட்டுப்பாட்டுக்கான வெஸ்ட்கார்டு விதிகள். யோசிக்க ஒன்றுமில்லாத, மனப்பாடம் மட்டுமே ஆகிற விஷயங்கள்.

நோயாளியின் ரத்தத்தில் எந்த ஆன்டிபாடி இருக்கிறது என்று கண்டுபிடிக்கும், ரத்த வங்கியின் ஆன்டிபாடி பேனல் மட்டும் மூன்றுக்கும் அடங்காது. வெற்றுப் பேனல் தாளை அச்சிட்டு, நெகடிவ் செல்களை (வினை வராத செல்களை) வைத்து, அவற்றிலுள்ள ஆன்டிஜென்களைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வர வேண்டும். கிட் (Kidd) ரத்த வகை ஆன்டிஜெனை ஹோமோசைகஸ் செல்லில் (இரு மரபணுவும் ஒரே வகை) மட்டுமே அடியுங்கள். ஹெட்டிரோசைகஸ் செல்லில் (இரண்டும் வேறு வகை) டோசேஜ் காரணமாக, அதாவது ஆன்டிஜென் குறைவாக இருப்பதால், வினை பலவீனமாகி நெகடிவ் போலத் தெரியும். அங்கே அடித்தால் விடையையே அடித்துவிட்டீர்கள்.