பனாமின்ட் சிட்டிக்கு ஜீப்பில் கூட்டிப்போகிறேன் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்

கலிபோர்னியாவில் டெத் வேலியின் மேற்கு ஓரத்தில், மலைக்கு மேலே கைவிடப்பட்டுக் கிடக்கும் வெள்ளிச் சுரங்க ஊர் பனாமின்ட் சிட்டி. அங்கே ஜீப்பிலேயே போய் இறங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஊருக்கு வண்டி போகும் பாதையே இல்லை. சர்ப்ரைஸ் கேன்யன் என்ற குறுகிய பள்ளத்தாக்கு வழியாக இருந்த சாலையை 1984-இல் வந்த வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகும் சிலர் வின்ச் என்கிற கம்பிவடம் சுற்றி இழுக்கும் கருவியைக் கட்டி, அருவிப் பாறைகளின் மேல் வண்டியை இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 2001-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது நடந்துதான் போக வேண்டும்.

எங்களிடம் பணம் வாங்கிய வழிகாட்டிக்கு இது நன்றாகவே தெரியும். வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்த விளம்பரத்தைப் பார்த்து அவரைக் கூப்பிட்டேன். மாமனார் கூட வருகிறார், வயது 68, முழங்கால் வலி உண்டு என்று முதலிலேயே சொன்னேன். "கவலையே வேண்டாம் சார், ஊர் வாசல் வரைக்கும் ஜீப் போகும், கடைசி அரை மைல்தான் நடை" என்றார். தலைக்கு 180 டாலர், அதற்கு மேல் பெர்மிட் கட்டணம் என்று தலைக்கு 35 டாலர். எல்லாவற்றையும் முன்கூட்டியே ஸெல் (Zelle) என்கிற வங்கிப் பணப் பரிமாற்ற வசதியில் அனுப்பச் சொன்னார். பகலில் போய்த் திரும்பும் நடைக்கு அங்கே அப்படி ஒரு பெர்மிட்டே கிடையாது. அந்த 35 டாலர் சுத்தமான ஏமாற்று.

மே மாதம். பாலரட் என்கிற, அதுவும் பாதி செத்துப்போன பழைய ஊரில் எங்களை ஏற்றிக்கொண்டு, மண் சாலையில் நடைபாதை தொடங்கும் கிறிஸ் விக்ட் கேம்ப் வரை கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார். "போன வார மழையில் பாதை போய்விட்டது, இன்றைக்கு மட்டும் இங்கிருந்து நடந்துவிடலாம், பக்கம்தான்" என்றார். பக்கத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பதி அதைக் கேட்டுத் திகைத்துப்போய், இங்கே பல வருஷமாகவே பாதை கிடையாதே என்றார்கள். அவர்கள் சொல்லித்தான் முழு விவரமும் தெரிந்தது. ஒரு வழி 5 மைலுக்குக் குறையாது. கேம்ப் சுமார் 2,600 அடி உயரத்தில் இருக்கிறது, ஊர் சுமார் 6,300 அடியில். முழுக்க முழுக்க ஏற்றம்.

வழிகாட்டி ஆளுக்கு ஒரு அரை லிட்டர் பாட்டில் தண்ணீர் கொடுத்தார். அவ்வளவுதான். "மேலே ஓடை ஓடுகிறது, குடித்துக்கொள்ளலாம்" என்றார். ஓடை ஓடுவது உண்மைதான், பாலைவனத்துக்கு நடுவே அது ஓர் அதிசயம். ஆனால் மேலே காட்டுக் கழுதைகள் திரிகிற இடம், வடிகட்டாமல் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. அவரிடம் ஃபில்டர் இல்லை. விளம்பரத்தில் போட்டிருந்த சாட்டிலைட் கருவியும் இல்லை. அங்கே செல்போன் சிக்னலும் கிடையாது.

குறுகலான இடத்தில் தண்ணீரிலேயே இறங்கி, வழவழப்பான வெள்ளைப் பாறைகளைப் பிடித்து ஏற வேண்டும். மாமாவின் கேன்வாஸ் ஷூ ஊறிப்போய், ஒவ்வொரு அடிக்கும் வழுக்கியது. அதைத் தாண்டினால் ஆள் உயரத்துக்கு வில்லோ புதர். வழிகாட்டி எங்களைக் கவனிக்காமல் குழுவில் இருந்த இளவட்டங்களோடு முன்னால் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மாமாவுக்கு இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டது. உதடு வெளுத்து, பேச்சு குழறியது. புதர் நிழலில் உட்காரவைத்து, சட்டையை நனைத்துப் போர்த்தினோம். பின்னால் வந்த அதே தம்பதிதான் ஓடைத் தண்ணீரை வடிகட்டி, உப்புப் பொடி கலந்து கொடுத்தார்கள். அவர் தெளிந்து எழுந்த பிறகு மெதுவாகக் கீழே இறங்கிவிட்டோம்.

மாலையில் திரும்பி வந்த வழிகாட்டி மாமாவுக்கு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. பணத்தைக் கேட்டதற்கு, "நடக்க முடியாதது உங்கள் பிரச்சினை" என்றார். நீங்களாக அனுப்பிய பணம், திரும்ப வாங்கித் தர முடியாது என்று வங்கியும் கைவிரித்துவிட்டது.

பார்க்க வேண்டிய ஊர்தான் அது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1870-களில் சுமார் 2,000 பேர் இருந்த இடம். கொள்ளை பயத்தால், வெள்ளியையும் பணத்தையும் ஏற்றிச் செல்லும் வெல்ஸ் ஃபார்கோ நிறுவனம் அங்கே கிளை திறக்க மறுத்ததும், சுரங்க முதலாளியான செனட்டர் ஸ்டூவர்ட் வெள்ளியை 400 பவுண்டுக்கும் மேற்பட்ட எடையில் பெரிய கட்டிகளாக வார்த்துத் திருடர்களால் தூக்க முடியாதபடி அனுப்பியதும் வரலாறு. 1876 வெள்ளம் ஊரின் பெரும்பகுதியை அழித்தது. உருக்காலையின் செங்கல் புகைபோக்கி மட்டும் இன்னும் உயரமாக நிற்கிறது. இந்தக் கதையைக் கேட்டுத்தான் மாமா ஆசைப்பட்டார்.

போகிறவர்கள் குளிர்ந்த மாதத்தில், நல்ல நடைப் பழக்கத்தோடு, ஃபில்டர் எடுத்துக்கொண்டு போங்கள். வழிகாட்டி வைத்துக்கொள்வதானால், காசு வாங்கிக் கூட்டிப்போக அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். சர்ப்ரைஸ் கேன்யனின் கீழ்ப்பகுதி அமெரிக்க அரசின் பொதுநில நிர்வாகத் துறையின் (BLM) பொறுப்பில் இருக்கிறது, ஊர் இருப்பது டெத் வேலி தேசியப் பூங்காவுக்குள். இரண்டு இடத்து அனுமதிக் கடிதத்தையும் கண்ணால் பார்த்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள். நம்மாளிடம் இரண்டுமே இல்லை. நான் இரண்டு அலுவலகத்துக்கும் எழுதிப் புகார் கொடுத்திருக்கிறேன்.

அவருடைய விளம்பரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, வேறு பெயரில். அடையாளம் சொல்கிறேன்: மூன்று மாடி, கூரையில்லாத, ஜன்னல் ஓட்டைகளோடு நிற்கும் வங்கிக் கட்டடத்தின் படம். அது பனாமின்ட் சிட்டியே இல்லை. நெவாடாவில் பீட்டி ஊருக்குப் பக்கத்திலுள்ள ரையலைட்டின் குக் வங்கி. அங்கே சாதாரணக் காரிலேயே போகலாம், வழிகாட்டியும் வேண்டாம், கட்டணமும் இல்லை. முதியவர்கள் கூட இருந்தால் அங்கே கூட்டிப்போங்கள். நாங்கள் மாமாவை இந்தக் குளிர்காலத்தில் அங்கேதான் அழைத்துப்போகிறோம்.