எட்டாம் வகுப்பு வரை ஒரே பள்ளியா, ஐந்தாம் வகுப்போடு மாற்றமா?

எங்கள் மகளுக்காகப் பார்த்த பள்ளிகளுள் இறுதியில் இரண்டு வழிகள் எஞ்சின. ஒன்று, மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரே வளாகத்தில் நடத்தும் தனியார் பள்ளி. மற்றது, ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் தொடக்கப் பள்ளியில் சேர்த்து, ஆறு முதல் எட்டு வரை வேறொரு தனியார் பள்ளிக்கு மாற்றுவது. முதல் வழியைத் தேர்ந்தோம். அவள் இப்போது ஏழாம் வகுப்பில் படிக்கிறாள்.

இரண்டு வழியிலும் கட்டணம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆய்வகமும் விளையாட்டுத் திடலும் இரண்டாவது வழியிலேயே பெரியவை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பதினொரு வயது. உடலும் மனமும் வேகமாக மாறும் அந்த வயதில்தான் ஒரே வகுப்பாசிரியர் போய்ப் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருகிறார். அதே ஆண்டில் கட்டடமும் நண்பர்களும் மாறினால், குழந்தையின் தடுமாற்றத்தைப் பழைய நிலையோடு ஒப்பிட்டுச் சொல்லப் பள்ளியில் ஒருவரும் இருப்பதில்லை. நியூயார்க் நகர மாணவர்களின் மதிப்பெண்களை ஆராய்ந்து ஜோனா ராக்காஃபும் பெஞ்சமின் லாக்வுட்டும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, தனி நடுநிலைப் பள்ளிக்கு மாறியவர்கள் எட்டாம் வகுப்பு வரை ஒரே பள்ளியில் இருந்தவர்களைவிடக் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் பின்தங்கியதைக் காட்டியது. ஃபுளோரிடா மாணவர்களைப் பற்றிய குவிடோ ஷ்வெர்ட், மார்ட்டின் வெஸ்ட் ஆய்விலும் அதே சரிவு தெரிந்தது; ஒன்பதாம் வகுப்பில் உயர்நிலைப் பள்ளிக்கு மாறும்போது ஏற்படும் சரிவோ அதைவிடச் சிறியது. இவை அரசுப் பள்ளிகளைப் பற்றியவை என்பதால் அப்படியே தனியார் பள்ளிக்குப் பொருத்திவிட முடியாது. எனினும், மாற்றம் தவிர்க்க முடியாததென்றால் அது பதினான்கு வயதில் வரட்டும் என்ற எங்கள் எண்ணத்துக்கு அவை வலுச் சேர்த்தன.

ஆறாம் வகுப்பில் அவள் கணிதத்திலிருந்து மெல்ல விலகத் தொடங்கியதை எங்களுக்கு முன்பே கண்டுபிடித்தவர், மூன்றாம் வகுப்பில் அவளுக்குப் பாடம் நடத்திய ஆசிரியை. பின்னங்களில் அன்றே அவளுக்கு இருந்த தயக்கத்தை நினைவுகூர்ந்து, கணித ஆசிரியரிடம் பேசி, அங்கிருந்தே மீண்டும் தொடங்கச் செய்தார். நான் கட்டிய கட்டணத்தில் முழுப் பயனும் கிடைத்தது அந்த ஒரு உரையாடலில்தான் என்று இன்றும் நம்புகிறேன். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டும் பொறுப்பும் அவளுக்கு உண்டு; தனி நடுநிலைப் பள்ளியில் அந்த ஆண்டு அவள்தான் ஆகச் சிறியவளாக இருந்திருப்பாள்.

குறை இல்லாமல் இல்லை. ஆண்டுக்கணக்கில் அதே இருபது முகங்கள்; நெருங்கிய தோழியோடு பிணக்கு வந்தபோது ஒதுங்கிக்கொள்ள வேறு பிரிவே இல்லை, அந்த ஒரு பருவம் கடினமாகக் கழிந்தது. கூட்டத்தில் கலந்து பழக விரும்பும் குழந்தைக்கு இரண்டாவது வழியே பொருந்தலாம்.

எட்டாம் வகுப்புக்குப் பிந்தைய சேர்க்கையை நாங்கள் இன்னும் எதிர்கொள்ளவில்லை. ஆகவே பள்ளியைப் பார்க்கச் செல்வோர், கடந்த மூன்று ஆண்டுகளில் எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் எங்கெங்கே சேர்ந்தார்கள், விண்ணப்ப வேலைகளில் உதவுபவர் யார் என்ற இரண்டையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.