வீட்டு விருந்தா, உணவகமா, ஆளுக்கொரு பதார்த்தமா?

மணநாளையோ பிறந்த நாளையோ பணி உயர்வையோ துணையோடும் நெருங்கிய நண்பர்களோடும் கொண்டாடுவது என்று முடிவானதும் எழுகிற முதல் கேள்வி, எங்கே, எப்படிச் சாப்பிடுவது என்பதுதான். வீட்டில் சமைத்து அழைப்பது, உணவகத்தில் மேசை பதிவு செய்வது, வருகிறவர்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருவது என்ற மூன்று வழிகளும் நமக்குப் பழக்கமானவை. பெரும்பாலும் இவற்றைச் செலவையும் சுவையையும் வைத்தே எடைபோடுகிறோம். அவ்விரண்டுக்கும் முன்னால் நிற்க வேண்டிய அளவுகோல் ஒன்று உண்டு என்பது என் துணிபு: அழைக்கிற இருவரும் தங்கள் விருந்தில் எவ்வளவு நேரம் மற்றவர்களோடு சேர்ந்து அமர்ந்திருக்க முடிகிறது என்பதே அது. எவரை முன்னிட்டுக் கூடினோமோ அவர்களே அடுப்படியிலோ இரைச்சலிலோ தொலைந்துவிட்டால், உணவு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அந்த மாலை குறைபட்டதுதான்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் தலைகளை எண்ணிக்கொள்ள வேண்டும். மனித உறவுகளை ஆராய்ந்துவரும் ராபின் டன்பரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னியல்பாகக் கூடிப் பேசுகிறவர்களின் ஒரே உரையாடலில் ஏறத்தாழ நால்வருக்கு மேல் நீடிப்பதில்லை என்று கண்டார்கள். ஐந்தாவது ஆள் வந்ததும் பேச்சு மெல்ல இரண்டாகக் கிளைத்துவிடுகிறது. அதாவது, நீங்கள் இருவரும் இன்னோர் இணையரும் சேர்ந்தால் ஒரே பேச்சு, எட்டுப் பேர் சேர்ந்தால் இரண்டு பேச்சு, பன்னிருவர் சேர்ந்தால் மூன்று. இதில் குறை ஏதும் இல்லை. ஆனால் எல்லோரும் எல்லோரோடும் பேச வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால், பன்னிருவரை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைப்பதால் மட்டும் அது கைகூடாது. எழுந்து நடக்கவும் இடம் மாறி அமரவும் வழியிருக்கிற இடமே அப்போது தேவைப்படும். அதை வீடு தருவதைப்போல் உணவகம் தருவதில்லை.

வீட்டு விருந்தின் முதல் பலம் அந்த இடம்தான். இரண்டாவது பலம் நேரம். எழுந்து போகச் சொல்ல யாரும் இல்லை, அடுத்த பதிவுக்காக மேசையைத் துடைக்கக் காத்திருப்பவர் இல்லை, பேச்சு சூடு பிடித்த இடத்தில் அதை நிறுத்த வேண்டியதில்லை. உப்பு குறைத்துச் சாப்பிடும் நண்பருக்கும் பால் ஒவ்வாத நண்பருக்கும் என்ன போகிறது என்பது உங்கள் கையிலேயே இருக்கிறது. இந்த நன்மைகளுக்கெல்லாம் விலை கொடுப்பவர் சமைப்பவர். எங்கள் முதல் மணநாளுக்கு ஆறு நண்பர்களை அழைத்து, அத்தனையும் சூடாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் ஐந்து வகைகளை அவர்கள் வந்த பிறகே அடுப்பேற்றினேன். நான் கை கழுவிவிட்டு வந்து அமர்ந்தபோது மற்றவர்கள் இனிப்பை முடித்திருந்தார்கள். அன்று எடுத்த படங்கள் ஒன்றில்கூட நாங்கள் இருவரும் சேர்ந்து இல்லை. உணவை எல்லோரும் புகழ்ந்தார்கள். என் துணைவர் மட்டும், அன்று மாலை நான் தன்னோடு பத்து நிமிடம்கூடப் பேசவில்லை என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகுதான் நான் விருந்துகளை இந்தக் கோணத்தில் பார்க்கத் தொடங்கினேன்.

இதற்கு மாற்று, சமையலைக் கைவிடுவது ஆகாது. விருந்தினர் வந்த பிறகு அடுப்பருகே நின்று செய்ய வேண்டிய பதார்த்தம் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான். மெதுவாக வெந்து, ஊற ஊறச் சுவை ஏறுகிற வகைகளை முதல் நாளே செய்யலாம். குளிர்ந்த நிலையில் பரிமாறுபவற்றைக் காலையில் முடிக்கலாம். பொரிப்பது, வாட்டுவது போன்ற உடனுக்குடன் உண்ண வேண்டியவற்றில் ஒன்றை மட்டும் கடைசிக்கு வைக்கலாம். முன்கூட்டிச் செய்வதில் கவனிக்க வேண்டியது வெப்பநிலை. சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம், சூடாக உண்பதை 60 பாகை செல்சியசுக்கு மேலும் குளிரில் வைப்பதை 5 பாகைக்குக் கீழும் வைத்திருங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. இடைப்பட்ட வெப்பநிலையில்தான் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகுகின்றன. பெரிய பாத்திரத்தில் குவிந்திருக்கும் உணவின் நடுப்பகுதி ஆறுவதற்கு நெடுநேரம் பிடிக்கும் என்பதால், அகன்ற ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாள் சூடாக்கும்போது உள்ளே வரை 70 பாகைக்கு மேல் சூடேறி, ஆவி பறக்க வேண்டும்.

அளவைக் குறித்தும் ஒரு சொல். நட்பு வட்டத்தில் எல்லோரும் வழக்கத்தைவிட அதிகமாகவே உண்கிறார்கள். உளவியலாளர் ஜான் டி காஸ்ட்ரோ, மக்கள் எழுதிவைத்த உணவுக் குறிப்பேடுகளை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட கட்டுரையில், தனியே உண்பதோடு ஒப்பிட, ஒருவர் உடனிருக்கும்போது உணவின் அளவு 33 விழுக்காடும், ஏழு பேரோ அதற்கு மேலோ உடனிருக்கும்போது 96 விழுக்காடும் கூடுதலாக இருந்ததாகக் காட்டினார். பலர் கூடினால் உண்ணும் நேரம் நீள்வது இதற்கு முக்கியமான காரணம். ஆகவே எட்டுப் பேர் விருந்துக்கு அன்றாட அளவை எட்டால் பெருக்கினால் போதாது. எனினும் எல்லாவற்றையும் இரண்டு மடங்காகச் செய்ய வேண்டியதில்லை; முதன்மையான ஒரு வகையை மட்டும் தாராளமாகச் செய்தால் பற்றாக்குறை வராது.

உணவகத்தின் பெருமை, சமைப்பதும் கழுவுவதும் இருவர் தோளிலிருந்தும் இறங்கிவிடுவது. ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததைக் கேட்டு வாங்கலாம். வீட்டில் செய்ய முடியாத நுட்பமான சமையலைச் சுவைக்கலாம். நன்றாக உடுத்திக்கொண்டு வெளியே செல்வதே ஒரு கொண்டாட்டம். நான் வைத்த அளவுகோலின்படி பார்த்தால் இருவரும் முழு நேரமும் அமர்ந்திருக்கலாம் என்பதால் உணவகமே வென்றிருக்க வேண்டும். வெல்ல விடாமல் தடுப்பது இரைச்சல். இயல்பான பேச்சின் ஒலி ஏறத்தாழ 60 டெசிபல். நெரிசலான உணவகத்தில் அது 80-ஐத் தாண்டுவது சாதாரணம். சுற்றிலும் சத்தம் ஏற ஏற நாமும் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்டின் பெயரால் இது லொம்பார்ட் விளைவு எனப்படுகிறது. எல்லா மேசையும் இப்படிக் குரலை உயர்த்தினால் இரைச்சல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. பேச்சு மட்டும் கெடுவதில்லை. உரத்த பின்னணி ஒலியைக் கேட்டுக்கொண்டே உண்டவர்களுக்கு இனிப்பும் உப்பும் மட்டுப்பட்டுத் தெரிந்ததாக 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. சுவைக்காகவே உணவகத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கருத்தில் கொள்ள வேண்டும்.

எனவே உணவகத்தைப் பட்டியலில் உள்ள பண்டங்களை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், ஒருமுறை நேரில் சென்று காதால் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லது. வெறுந்தரையும் கண்ணாடிச் சுவரும் ஒலியை எதிரொலிக்கும். திரைச்சீலை, கம்பளம், மெத்தை இருக்கை ஆகியவை அதை உறிஞ்சும். மூலையில் உள்ள மேசையும் கூட்டம் சேராத முன்மாலை நேரமும் பெரிய வேறுபாட்டைத் தரும். மேசையின் வடிவத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 60 சென்டிமீட்டர் அகலம் வேண்டும் என்று கொண்டால், பக்கத்துக்கு நால்வராக எட்டுப் பேர் அமரும் நீள்மேசை 2.4 மீட்டர் நீளும். ஒரு முனையில் இருப்பவர் மறு முனையில் இருப்பவரின் பேச்சை அந்த இரைச்சலில் கேட்கவே முடியாது. அதே எட்டுப் பேர் 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட மேசையைச் சுற்றிச் சற்று நெருக்கமாக அமர்ந்தால் ஒவ்வொருவர் முகமும் மற்றவருக்குத் தெரியும்.

உணவகத்தின் இன்னொரு சங்கடம் கடைசியில் வரும் கட்டணச் சீட்டு. யூரி நீசியும் வேறு இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவர் கொண்ட குழுக்களை உணவகத்தில் அமரவைத்து, சிலரிடம் அவரவர் உண்டதற்கு அவரவரே செலுத்த வேண்டும் என்றும், சிலரிடம் மொத்தத்தைச் சமமாகப் பங்கிட வேண்டும் என்றும் முன்கூட்டியே சொன்னார்கள். சமப் பங்கு என்று அறிந்தவர்கள் கூடுதல் விலையுள்ளவற்றைக் கேட்டு வாங்கினார்கள். ஆனால் எந்த முறை வேண்டும் என்று முன்னதாகக் கேட்டபோது 80 விழுக்காட்டினர் அவரவர் பங்கை அவரவர் செலுத்துவதையே விரும்பினார்கள். நண்பர்களுக்குள் வருமானம் ஒரே மாதிரி இருப்பதில்லை. குறைவாக உண்டு, எதையும் சொல்ல முடியாமல் சமப் பங்கைச் செலுத்திவிட்டுப் போகிறவர் அடுத்த அழைப்பை ஏதோ காரணம் சொல்லித் தவிர்ப்பார். கொண்டாட்டம் உங்களுடையதென்றால் செலவும் உங்களுடையது என்பதே முறை என்று நான் நினைக்கிறேன்; அது இயலாதபோது, எப்படிச் செலுத்தப் போகிறோம் என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஆளுக்கொரு பதார்த்தம் என்ற வழியைச் சிலர் அழைப்பவரின் சிக்கனம் என்று குறைவாக எண்ணுகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. உழைப்பு பகிரப்படுவதோடு, தான் செய்த ஒன்று மேசையில் இருப்பதால் அதிகம் பேசாத நண்பருக்கும் பேச்சைத் தொடங்க ஒரு பிடிமானம் கிடைக்கிறது. இதை எப்படிச் செய்தீர்கள் என்று யாராவது கேட்பார்கள். ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்து உண்டவர்கள், தனித்தனிப் பாத்திரத்தில் உண்டவர்களைவிடப் பிற்பாடு ஒருவரோடொருவர் கூடுதலாக ஒத்துழைத்தார்கள் என்று கெய்ட்லின் வூலி, அயலெட் ஃபிஷ்பாக் ஆகியோர் 2019-இல் காட்டியிருப்பதும் இந்த வழிக்கு வலுச் சேர்க்கிறது. இடர்கள் நடைமுறை சார்ந்தவை. எதுவும் சொல்லாமல் விட்டால் நால்வர் இனிப்போடு வந்து நிற்பார்கள். எதைச் செய்ய வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டாலோ வேலை வாங்குவதுபோல் ஆகிவிடும். ஒருவரிடம் தொடக்கத்துக்கு ஏதாவது, இன்னொருவரிடம் காய்கறியில் ஏதாவது என்று வகையை மட்டும் சொல்வதே நயம். சமைக்கத் தெரியாதவரிடம் பழமோ பானமோ கேட்கலாம். அதையும் பதார்த்தமாகவே மதிக்க வேண்டும். முன்பு சொன்ன 2 மணி நேரக் கணக்கில் பயண நேரமும் அடங்கும் என்பதால், தொலைவிலிருந்து வருகிறவரிடம் கெட்டுப்போகாத வகையைக் கேளுங்கள். ஒவ்வாமை உள்ள ஒருவர் இருந்தாலும், ஒவ்வொரு பதார்த்தத்தின் அருகிலும் அதில் பாலோ முட்டையோ கொட்டை வகையோ சேர்ந்திருக்கிறதா என்று ஒரு சீட்டில் எழுதி வைப்பது அவசியம். அவரே ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்கும்படி விடக் கூடாது.

வெளியிலிருந்து சமைத்த உணவை வரவழைப்பது வீட்டின் அமைதியையும் உணவகத்தின் ஓய்வையும் சேர்த்துத் தருகிறது. இருபது பேரைத் தாண்டினால் எனக்கு இதைத் தவிர வேறு வழி தோன்றுவதில்லை. அதற்குக் குறைந்த கூட்டத்தில், யாருடைய கைமணமும் இல்லாத மேசை சற்று வெறுமையாகவே இருக்கிறது.

இன்னும் ஒன்றை ஒப்பிட வேண்டியிருக்கிறது: துணையோடு தனியே கொண்டாடுவதா, நண்பர்களோடா? இரண்டையும் ஒரே மாலையில் திணிப்பதே பெரும்பாலான மனத்தாங்கல்களுக்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். ஆர்தர் ஏரனும் சக ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகவும் கிளர்ச்சியூட்டுவதாகவும் உள்ள ஒன்றைச் சேர்ந்து செய்த இணையர்கள், வழக்கமான ஒன்றைச் செய்தவர்களைவிடத் தங்கள் உறவில் கூடுதல் நிறைவைக் கண்டார்கள். இருவருக்கு அதுவரை சுவைத்தறியாத சமையலைத் தரும் உணவகம் அந்தப் புதுமையைத் தருகிறது. இருவருக்கு ஒரு சிறு மேசை போதும் என்பதால் இரைச்சலும் அவ்வளவாகப் பிரிப்பதில்லை. நண்பர்களோடு உண்ணும்போது தேவைப்படுவது வேறு. உடன் உண்டவர்களிடம் நெருக்கத்தை உணரவைத்த இரவு உணவுகளில் சிரிப்பும் பழைய நினைவுகளைப் பகிர்வதும் மிகுந்திருந்ததாக டன்பர் 2017-இல் எழுதினார். அதற்குப் புதுமையைவிடப் பழகிய இடமும் கெடுபிடி இல்லாத நேரமும்தான் பொருத்தம். உங்கள் துணைவர் கூட்டத்தில் கூசுகிறவராக இருந்தாலோ, வருகிறவர்கள் உங்கள் பக்கத்து நண்பர்களாகவே இருந்தாலோ, அழைக்கப்படுகிறவர்களின் பட்டியலை அவரோடு சேர்ந்து எழுதுங்கள். அவர் மனம்விட்டுப் பேசக்கூடிய இருவரேனும் அதில் இருக்க வேண்டும்.

எட்டுப் பேர் வரையிலான கொண்டாட்டத்துக்கு நாங்கள் இப்போது பின்பற்றுவது இதுதான்: மணநாளன்று இருவரும் மட்டும் வெளியே சென்று உண்கிறோம். அதை அடுத்து வரும் விடுமுறை நாளில் நண்பர்களை வீட்டுக்கு அழைக்கிறோம். முதன்மையான உணவை முதல் நாள் மாலை இருவரும் சேர்ந்து சமைக்கிறோம். அந்தச் சமையல் நேரமே எங்களுக்குப் பாதி விருந்து. மற்றவை நண்பர்களின் கையிலிருந்து வருகின்றன. பாத்திரங்களை அன்றிரவு கழுவுவதில்லை. ஊறவைத்துவிட்டு வந்து, கடைசி நண்பர் விடைபெறும்வரை அவர்களோடு அமர்ந்திருக்கிறோம்.