ஜம்பர் கேபிளா, ஜம்ப் ஸ்டார்ட்டரா? டிக்கியில் எது இருக்கட்டும்?

சாவியைத் திருப்பினேன். டக், டக், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. முகப்பு விளக்கை அணைக்காமல் இறங்கிப் போய், நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பியிருந்தேன். இருட்டிவிட்டது, ஆனாலும் பதற்றமில்லை. டிக்கியில் ஜம்ப் ஸ்டார்ட்டர் இருக்கிறதே, பேட்டரி இறங்கிய வண்டியைக் கிளப்பும் கையடக்கக் கருவி! எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். நான்கு விளக்குகளில் ஒன்று மட்டும் ஒருமுறை மினுங்கி அணைந்தது. அதைக் கடைசியாகச் சார்ஜில் போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

அந்த வழியே வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, தன்னிடமிருந்த ஜம்பர் கேபிளை, அதாவது அவர் வண்டியின் பேட்டரியிலிருந்து என் வண்டிக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியைக் கொடுத்து உதவினார். அன்றிலிருந்து நான் கேபிள் கட்சி. இரண்டையும் வைத்துப் பழகிய பிறகுதான் சொல்கிறேன்.

தெரிந்த வித்தியாசங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். கேபிளுக்கு இன்னொரு வண்டி வேண்டும், ஜம்ப் ஸ்டார்ட்டருக்கு வேண்டாம். ஜம்ப் ஸ்டார்ட்டர் கைக்கு அடக்கம், போனுக்கும் சார்ஜ் ஏற்றும். கேபிள் கனமான சுருள், இடத்தை அடைக்கும். இதோடு நிறுத்திக்கொண்டால் யாரும் ஜம்ப் ஸ்டார்ட்டரைத்தான் வாங்குவார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

என் மனதை மாற்றியது பராமரிப்பு. ஜம்ப் ஸ்டார்ட்டருக்குள் இருப்பதும் ஒரு பேட்டரிதான். பெரும்பாலானவற்றில் லித்தியம் பேட்டரி. சும்மா கிடந்தாலும் அதன் சார்ஜ் மெல்ல இறங்கும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்ற வேண்டும். அதன் பிறகும், மிச்சமிருக்கும் சார்ஜ் பாதிக்குக் கீழே போனால் இன்ஜினைச் சுழற்றும் வலு குறைந்துவிடும். வெப்பம் அதற்கு இன்னொரு எதிரி. வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் மாதக்கணக்கில் கிடந்தால் லித்தியம் பேட்டரியின் ஆயுள் வேகமாகக் கரையும். அவசரத்துக்கு என்று வாங்கும் பொருளை வண்டியிலேயே வைத்திருந்தால் கெடுகிறது, வீட்டில் வைத்தால் வேண்டிய நேரத்தில் கையில் இல்லை. இதற்கு நல்ல தீர்வு எனக்குக் கிடைக்கவில்லை. கேபிள் அப்படியில்லை. ஐந்து வருடம் டிக்கியில் கிடந்தாலும், கிளிப்பில் களிம்பு ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும், முதல் நாள் போலவே வேலை செய்யும்.

ஆனால் எந்தக் கேபிள் என்பது முக்கியம். அன்று எனக்குக் கிடைத்தது மெல்லிசான கேபிள். மாட்டியதும் செல்ஃப் அடித்தபோது முனகல் மட்டும்தான் வந்தது. அவருடைய இன்ஜினை ஓடவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து, என் பேட்டரியில் கொஞ்சம் சார்ஜ் ஏறிய பிறகுதான் வண்டி உயிர் பெற்றது. ஏன் என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிறிய பெட்ரோல் இன்ஜினைச் சுழற்ற 150 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மீட்டர் கேபிள் என்றால் போக வர ஆறு மீட்டர் செம்பு. கம்பியின் குறுக்களவு 6 சதுர மில்லிமீட்டர் என்றால் வழியிலேயே சுமார் 2.6 வோல்ட் போய்விடும். 16 என்றால் 1 வோல்ட், 25 என்றால் 0.6 வோல்ட். முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரியே 12.6 வோல்ட்தான். அதில் 2.6 கழிந்தால் செல்ஃப் மோட்டாருக்கு என்ன மிஞ்சும்?

அதனால் 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்து வாங்காதீர்கள். தடித்த பிளாஸ்டிக் உறையைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், உள்ளே கம்பி நூலாக இருக்கலாம். செம்புப் பூச்சு கொடுத்த அலுமினியக் கம்பியும் விற்கிறார்கள். அலுமினியம் செம்பைப் போல 60 சதவீதம் அளவுக்குத்தான் மின்சாரம் கடத்தும். கம்பி முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கையில் தூக்கினாலே எடை சொல்லிவிடும்.

ஒரு விஷயத்தில் ஜம்ப் ஸ்டார்ட்டரே மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டினால் அதில் பலவும் மின்சாரத்தை விடாமல் தடுத்துவிடும். கேபிளில் அந்தக் காவல் இல்லை. தவறினால் ஃபியூஸோ, ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரோ போகலாம். ஆகவே வரிசையைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கேபிள் பையிலேயே வைத்திருக்கிறேன். முதலில் சிவப்பு, இறங்கிப்போன பேட்டரியின் பிளஸ்ஸில். அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். பிறகு கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸில். கறுப்பின் கடைசி முனை பேட்டரியில் அல்ல, நின்றுபோன வண்டியின் இன்ஜினில், பெயின்ட் இல்லாத இரும்பில். அந்தக் கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும், பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கலாம் என்பதால் பொறி தள்ளியே இருக்கட்டும். கழற்றுவது அப்படியே தலைகீழ் வரிசையில்.

பேட்டரி அடியோடு செத்துப்போயிருந்தால் பல ஜம்ப் ஸ்டார்ட்டர்களுக்கு அங்கே பேட்டரி இருப்பதே தெரியாது. தனிப் பொத்தானை அழுத்தி வலுக்கட்டாயமாக மின்சாரம் அனுப்ப வேண்டும். அப்போது மேலே சொன்ன காவலும் பெரும்பாலும் விலகிவிடும். அழுத்தும் முன் சிவப்பையும் கறுப்பையும் இரண்டு முறை பாருங்கள்.

பெரிய டீசல் வண்டியில் நான் கேபிள் போட்டது ஒரே ஒருமுறை, 25 சதுர மில்லிமீட்டர் கேபிளில் எடுத்துவிட்டது. அதை வைத்து எல்லா டீசலுக்கும் சொல்லத் துணிய மாட்டேன். ஹைபிரிட் வண்டி என்றால், கை கொடுக்கவும் வாங்கவும் அதன் கையேடு அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆள் நடமாட்டமில்லாத சாலையில், தனியாக, இரவில் அடிக்கடி போகிறவருக்கு என் தேர்வு பொருந்தாது. உதவிக்கு வண்டியே வராத இடத்தில் கேபிள் வெறும் கம்பி. அவர்கள் ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கி, போனில் மாதாமாதம் நினைவூட்டல் வைத்துக்கொள்ளட்டும். என்னுடையது இப்போது வீட்டில், போன் சார்ஜர் பக்கத்தில் இருக்கிறது. தூரப் பயணத்துக்கு முந்தைய இரவு சார்ஜ் ஏறும், வண்டியில் கூடவே வரும், திரும்பியதும் வீட்டுக்குள் போய்விடும். கேபிள் மட்டும் டிக்கியை விட்டு இறங்குவதில்லை.